மருத்துவர் உதவியோடு மரணம்: சட்டம் வேண்டுமா, இருக்கிற உரிமையே போதுமா?

தென்பொதிகை:
2018 மார்ச்சில் காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், கண்ணியமாகச் சாவதும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவுக்குள் வரும் என்றது. ஆனால் அது சிகிச்சையை நிறுத்த மட்டும்தான் அனுமதி. புற்றுநோய் முற்றிய ஒருவர் எந்த இயந்திரத்திலும் இல்லை, புத்தி தெளிவாக இருக்கிறது, "போதும்" என்கிறார். அவருக்கு மருத்துவர் உதவினால் குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 108ஆவது பிரிவில் தற்கொலைக்கு உடந்தை என்று வழக்கு வரும். அமெரிக்காவின் ஓரிகனில் 1997 முதல் இதற்கு வழி இருக்கிறது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்று இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும், வாயால் இரண்டு முறையும் எழுத்தில் ஒரு முறையும் கேட்க வேண்டும், மருந்தைத் தானேதான் உட்கொள்ள வேண்டும். மருந்தை வாங்கி வைத்துவிட்டுக் கடைசிவரை தொடாமல் இயற்கையாக இறந்தவர்களும் கணிசம். இதில் என்ன அநியாயம்?

நிழல்மரம்:
அதே ஓரிகன் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள் தென்பொதிகை. கேட்டவர்கள் சொன்ன காரணங்களில் வலி முதலிடத்தில் இல்லை. தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாமல் போவது, பிடித்ததைச் செய்ய முடியாமல் போவது, இவைதான் மேலே நிற்கின்றன. வீட்டாருக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற பயமும் அதில் உண்டு. இந்தப் பயத்தை நம் ஊரில் வைத்து யோசியுங்கள். விருதுநகர், மதுரைப் பக்கங்களில் படுக்கையில் விழுந்த பெரியவர்களை வீட்டாரே முடித்துவிடும் தலைக்கூத்தல் இருக்கிறது. சட்டப்படி அது கொலை. ஆனாலும் தெரிந்தவர்கள் வாய் திறப்பதில்லை. ஆஸ்பத்திரி பில்லுக்கு நிலத்தை விற்கும் குடும்பத்தில் "அவரே விரும்பிக் கேட்டார்" என்பதை எந்த மருத்துவரால் சோதித்துச் சொல்ல முடியும்?

சட்டப்படி:
இரண்டு பேருமே இருக்கிற உரிமையைத் தாண்டிப் போகிறீர்கள். சுயநினைவோடு இருக்கும், 18 வயது நிரம்பிய எவரும் எந்தச் சிகிச்சையையும் மறுக்கலாம், அதற்கு எந்தப் பத்திரமும் தேவையில்லை. பேச முடியாமல் போன பிறகு என்ன என்பதற்குத்தான் லிவிங் வில், அதாவது எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் பத்திரம். 2018இல் அதில் மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட வேண்டும் என்று இருந்ததால் எழுதுவது பெரும் சிரமமாக இருந்தது. 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றமே அதை மாற்றிவிட்டது. இப்போது இரண்டு சாட்சிகளும் (குடும்பத்தைச் சேராதவர்களாக இருந்தால் நல்லது), நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றும் போதும். முடிவெடுக்க ஒருவருக்கு மேற்பட்டவர்களின் பெயர் எழுதலாம். நகல்கள் அவர்களுக்கும் குடும்ப மருத்துவருக்கும் உள்ளாட்சி அலுவலருக்கும் போக வேண்டும்.

குறிஞ்சி78:
சார், எழுதி வைத்தும் ஆஸ்பத்திரியில் மதிப்பதில்லை என்கிறார்களே? எங்கே தவறுகிறது?

சட்டப்படி:
பெரும்பாலும் வாசகத்தில். "வீண் சிகிச்சை வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் எது வீண் என்று யார் சொல்வது? பத்திரம் தெளிவில்லை என்றால் மருத்துவக் குழு அதைச் செயல்படுத்தக் கூடாது என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆகவே வெண்டிலேட்டர், டயாலிசிஸ், நின்ற இதயத்தை அமுக்கி இயக்குவது, மூக்குக் குழாய் உணவு, கழுத்தில் துளையிடுவது என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, எந்த நிலையில் வேண்டாம் என்று எழுதுங்கள். வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்து கட்டாயம் வேண்டும் என்றும் சேருங்கள். பத்திரத்தை பேங்க் லாக்கரில் பூட்டிவிட்டால் ராத்திரி ஐசியூ வாசலில் அது இருந்தும் இல்லாததுதான்.

அடுத்து, பத்திரத்தைக் காட்டியதும் குழாயைப் பிடுங்க மாட்டார்கள். சிகிச்சை தரும் மருத்துவரும் ஐந்து வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட முதல் குழு கூடுமானவரை 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டாவது குழு. அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவர் இருக்க வேண்டும். இந்த நியமனத்துக்கு ஆள் தயாராக இல்லாததால்தான் பல இடங்களில் கோப்பு நகர்வதில்லை. குழு மறுத்தால் அரசியல் சாசனத்தின் 226ஆவது பிரிவில் உயர் நீதிமன்றம் போகலாம். பத்திரமே இல்லாவிட்டாலும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே வழியில் போக முடியும்.

தென்பொதிகை:
நடைமுறையில் என்ன நடக்கிறது? "மருத்துவர் சொல்லை மீறி அழைத்துப் போகிறோம்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, கையால் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கை அமுக்கியபடி ஆம்புலன்ஸில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வாசலில் குழாயை எடுத்ததும் மூச்சுத் திணறித் துடிக்கிறார், கையில் ஒரு மருந்தும் இல்லை. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு நான் கேட்பதை மட்டும் ஆபத்து என்கிறீர்கள்.

நிழல்மரம்:
அந்தக் கொடுமையில் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் அவருக்கு அந்த நேரத்தில் இல்லாமல் போனது மார்ஃபின், கடும் வலியையும் மூச்சுத் திணறலையும் தணிக்கும் மருந்து. 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் அதை வைத்திருப்பதை எளிதாக்கினார்கள். இருந்தும் பல ஊர்களில் கிடைப்பதில்லை, கிடைக்கும் இடத்திலும் தப்பாகத் தருகிறார்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரம்தான் தாங்கும். வலி வரட்டும் என்று காத்திருந்து கொடுத்தால் ஒவ்வொரு முறையும் பின்தங்குவோம். நேரம் தவறாமல் தர வேண்டும். இடையில் வலி பீறிட்டால் ஒரு நாள் அளவில் ஆறில் ஒரு பங்கைக் கூடுதலாகத் தரலாம். முதல் நாளிலிருந்தே மலமிளக்கி வேண்டும். அதை விட்டுவிடுவதால்தான் மலச்சிக்கல் தாங்காமல் நோயாளியே மாத்திரையைத் தள்ளிவிடுகிறார். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு உடம்பில் தேங்கி மயக்கும், அவர்களுக்கு மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார். "மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்" என்பது வீண் பயம், அளவறிந்து கூட்டினால் அப்படி நடக்காது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்பு சேவை இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

தென்பொதிகை:
மார்ஃபினும் செவிலியரும் கிடைத்த பிறகும் "போதும்" என்பவருக்கு உங்கள் பதில் என்ன? தசைகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் மோட்டார் நியூரான் நோயில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

நிழல்மரம்:
இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர் வெண்டிலேட்டரை, வயிற்றுக் குழாயை மறுக்கலாம், மூச்சு முட்டும்போது தூக்க மருந்தும் மார்ஃபினும் தந்து அந்தத் திணறலைத் தணிக்கலாம். இவை இன்றே சட்டப்படி முடியும். அதற்கு மேல் அவர் கேட்பதை நான் தர மாட்டேன். அவருக்குத் தந்தால், கேட்கத் தள்ளப்படுபவரைக் காக்க என்னிடம் வழியில்லை.

தென்பொதிகை:
அந்த இன்னொருவருக்காக இவர் அனுபவிக்க வேண்டும் என்கிறீர்கள். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

குறிஞ்சி78:
வீட்டிலேயே முடிவு வரட்டும் என்று தீர்மானித்தால் முன்கூட்டி என்ன செய்ய வேண்டும்?

நிழல்மரம்:
வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் தொண்டையில் கரகரப்புக் கேட்டதும் பயந்துபோய் யாராவது 108ஐ அழைப்பார்கள், பத்திரத்தைப் பார்க்க யாருக்கும் நேரமிருக்காது, ஐசியூவில் போய் முடியும். கரகரப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயை ஈரத்துணியால் துடையுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். யாரை அழைப்பது என்று நம்பரைச் சுவரில் ஒட்டுங்கள்.

சட்டப்படி:
கடைசியாகப் பார்த்த மருத்துவரிடம் இப்போதே பேசி வையுங்கள். வீட்டில் இறந்தால் காரணச் சான்று படிவம் 4ஏவில் அவர்தான் தர வேண்டும். இறப்பைப் பதிவு செய்ய 21 நாள் அவகாசம்.