கஞ்சாவுக்கு ஒரு மாதத் தடை, சைகைத் திருட்டுக்கு ஒரு நாள் தடைகூட இல்லை: இது எந்தக் கணக்கு?

தடகளப் பிரியன் (கேள்வி):

வணக்கம். நெடுநாளாக மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே முன்வைக்கிறேன். 2021 ஜூனில் ஓரிகன் மாநிலத்தின் யூஜின் நகரில் நடந்த அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் ஷகாரி ரிச்சர்ட்சன் 100 மீட்டரை 10.86 விநாடிகளில் ஓடி முதலிடம் பெற்றார். அடுத்த சில நாள்களில் அவருடைய சிறுநீர் மாதிரியில் கஞ்சாவின் தடயம் இருப்பது தெரியவந்தது. பெற்ற தாய் இறந்துபோன செய்தியைப் பேட்டி எடுக்க வந்த ஒருவர் வாயிலாகக் கேட்க நேர்ந்ததென்றும், அந்த அதிர்ச்சியில் புகைத்துவிட்டதாகவும் அவரே ஒப்புக்கொண்டார். ஓரிகனில் வயதுவந்தோர் கஞ்சா பயன்படுத்துவது அப்போதே சட்டப்படி குற்றமில்லை. ஆயினும் ஒரு மாதத் தடை விதிக்கப்பட்டது. தேர்வுப் போட்டியின் முடிவும் செல்லாததாகி, டோக்கியோவில் 100 மீட்டர் ஓடும் வாய்ப்புப் பறிபோனது.

இதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணி 2017 பருவத்தில், மைதானத்தின் நடுக்கோடியில் இருந்த கேமராவின் வழியே எதிரணியில் பந்தைப் பிடிக்கும் கேட்சர், பந்து வீசும் பிட்சருக்குக் காட்டும் விரல் சைகைகளைப் பார்த்து, வரப்போவது வேகம் குறைந்த பந்து என்றால் குப்பைத் தொட்டியைத் தட்டி மட்டையாளருக்கு அறிவித்துக்கொண்டிருந்தது. 2020 ஜனவரியில் தீர்ப்பு வந்தபோது அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம், சில இளம் வீரர் தேர்வு உரிமைகளின் இழப்பு, பொது மேலாளருக்கும் பயிற்சியாளருக்கும் ஓராண்டு இடைநீக்கம். தட்டிய ஓசையைக் கேட்டுப் பந்தை விளாசிய வீரர்களில் ஒருவர்கூட ஒரு நாளும் வெளியில் உட்காரவில்லை. 2017 பட்டமும் அவர்களிடமே இருக்கிறது.

யாரையும் ஏமாற்றாத பெண்ணுக்கு அந்தத் தண்டனை, ஊரறிய ஏமாற்றியவர்களுக்கு இந்தத் தண்டனை. கஞ்சாவை நாடு முழுவதும் சட்டபூர்வமாக்கிவிட்டால் இந்த முரண் தீர்ந்துவிடும் என்று ஒரு தரப்பினர் சொல்வது சரிதானா?

விதிப்புத்தகம்:

தீராது. சட்டம் அனுமதிக்கிறதா என்பதும், போட்டியில் அனுமதிக்கலாமா என்பதும் வெவ்வேறு கேள்விகள். மிதிவண்டிப் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் 7 டூர் டி பிரான்ஸ் பட்டங்கள் 2012-இல் பறிக்கப்பட்டதற்குக் காரணமானவற்றுள் ஒன்றான ஈ.பி.ஓ., சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு மருத்துவர்கள் நாள்தோறும் எழுதித் தரும் மருந்துதான். டெஸ்டோஸ்டிரோனும் அப்படியே. மருந்துக் கடையில் கிடைப்பது என்பதால் ஓட்டப்பந்தயத்திலும் செல்லும் என்று யாரும் வாதிடுவதில்லை.

வாடா எனப்படும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, ஒரு பொருளைத் தடைப் பட்டியலில் சேர்க்க மூன்று அளவுகோல்களை வைத்திருக்கிறது: திறனை உயர்த்தும் வாய்ப்பு, உடல்நலத்துக்குத் தீங்கு, விளையாட்டின் ஆன்மாவுக்கு மாறாக இருத்தல். மூன்றில் இரண்டு பொருந்தினாலே போதும். 2022-இல் மறு ஆய்வு செய்தபோது, திறனை உயர்த்துகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையிலும் மற்ற இரண்டின் பெயரால் கஞ்சாவைப் பட்டியலிலேயே வைத்துக்கொண்டார்கள். ஆகவே ஷகாரி மோசடி செய்தார் என்று விதி சொல்லவேயில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். போட்டிக்கு முந்தைய இரவு 11.59 மணியிலிருந்து உடலில் இருக்கக் கூடாத ஒன்று இருந்தது என்று மட்டுமே அது சொல்கிறது. 2021 விதித்தொகுப்பில்தான், போட்டிக்கு வெளியே, திறனை உயர்த்தும் நோக்கமின்றிப் பயன்படுத்தியவருக்கு 3 மாதம், சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் 1 மாதம் என்ற சலுகை வந்தது. அவருக்குக் கிடைத்தது அந்தக் குறைந்தபட்சம்.

ஆய்வகத்து ஆள்:

விதிப்புத்தகம் சொல்வது சரி. ஆனால் "உடலில் இருக்கக் கூடாத ஒன்று" என்ற சொற்றொடருக்குள்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. கஞ்சாவின் போதைக்கூறு கொழுப்பில் கரைந்து தங்கி, மெல்ல மெல்லச் சிறுநீரில் வெளியேறும். அடிக்கடி புகைப்பவரிடம் வாரக்கணக்கில்கூட அதன் எச்சத்தைக் காணலாம். நேற்று இரவு புகைத்தாரா, போன வாரம் புகைத்தாரா, ஓடும்போது போதையில் இருந்தாரா என்பதையெல்லாம் சிறுநீர்ச் சோதனை சொல்லாது.

அதனால்தான் வாடா 2013-இல் வரம்பை மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமிலிருந்து 150-ஆக உயர்த்தியது. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் பலகைப் போட்டியின் முதல் தங்கத்தை வென்ற கனடாவின் ராஸ் ரெபாக்லியாட்டியிடம் இருந்தது 17.8. பதக்கத்தைப் பறித்தார்கள், கஞ்சாவுக்குத் தெளிவான தடையே அப்போது இல்லை என்று விளையாட்டு நடுவர் மன்றம் சொன்னதும் சில நாள்களிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். வாடாவின் பழைய வரம்பில் அவர் தோற்றிருப்பார். இன்றைய வரம்பில் அவர் பெயர்கூட வெளியே வந்திருக்காது.

இருந்தாலும் பட்டியலிலிருந்து முற்றாக நீக்குவதற்கு நான் தயங்குகிறேன். மலைச்சரிவில் சறுக்குபவரும் கார்ப் பந்தயம் ஓட்டுபவரும் மந்தமான நிதானத்தோடு களமிறங்கினால் ஆபத்து அவரோடு நிற்காது. அச்சத்தைக் குறைப்பதையே ஓர் அனுகூலமாகக் கருதும் விளையாட்டுகளும் உண்டு. இரத்தத்தில் அப்போதைய அளவைப் பார்க்கும் சோதனையே இதற்குப் பொருத்தம் என்பது என் எண்ணம்.

பழைய வானொலி நேயர்:

கிரிக்கெட்டில் இந்தக் கதை பழையது. நாளிதழ் ஒன்றில் கஞ்சா புகைத்ததுண்டு என்று ஒப்புக்கொண்டதற்காக 1986-இல் இயன் போத்தமுக்கு இரண்டு மாதத் தடை விதித்தார்கள். தடை முடிந்து ஓவல் மைதானத்துக்குத் திரும்பியவர் முதல் பந்திலேயே நியூசிலாந்தின் புரூஸ் எட்கரை வீழ்த்தி டென்னிஸ் லில்லியின் 355 விக்கெட் சாதனையைச் சமன்செய்தார். சற்று நேரத்தில் அதைக் கடந்தும் போனார். அவருடைய பந்து வளைந்தது கஞ்சாவால் என்று அவரை வெறுத்தவர்கள்கூடச் சொன்னதில்லை. அந்தத் தடை கிரிக்கெட்டின் பெயரைக் காப்பாற்றுவதற்காக விதிக்கப்பட்டது.

2018-இல் கேப்டவுனில் ஆஸ்திரேலிய அணியினர் உப்புத்தாளால் பந்தைத் தேய்த்தபோது நடந்தது வேறு. எதிரில் மட்டை பிடித்து நின்றவரை நேராக ஏமாற்றிய செயல் அது. ஆனால் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் ஸ்டீவ் ஸ்மித்துக்குக் கொடுத்தது ஒரு டெஸ்ட் தடையும் ஊதியப் பிடித்தமும்தான். ஸ்மித்துக்கும் வார்னருக்கும் 12 மாதம், பான்கிராஃப்டுக்கு 9 மாதம் என்று வெளியே நிறுத்தியது அவர்களுடைய சொந்த நாட்டு வாரியம். ஏமாற்றுக்கான உலக விதி அப்போது எவ்வளவு மெத்தனமாக இருந்தது என்பதை இதிலிருந்தே எடைபோடலாம்.

சங்கத்துக்காரர்:

எல்லோரும் குற்றத்தின் தன்மையையே அலசுகிறீர்கள். தண்டனை யாரோடு பேசித் தீர்மானிக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? அமெரிக்கத் தொழில்முறை லீக்குகளில் போதைப்பொருள் விதிகள் வீரர் சங்கத்தோடு பேசி முடிவு செய்யப்படுபவை. பேஸ்பால் லீக் 2019 டிசம்பரில் கஞ்சாவைத் தன் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது சங்கத்துடனான உடன்பாட்டில்தான். அடுத்த மாதம் வந்த ஆஸ்ட்ரோஸ் தீர்ப்பிலும், உண்மையைச் சொன்னால் தண்டனையில்லை என்ற உறுதியைப் பெற்றே வீரர்கள் வாய் திறந்தார்கள். அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். 2020 ஒப்பந்தத்தில் கஞ்சாச் சோதனைக்கான இடைநீக்கத்தைக் கைவிட்டது. கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. 2023 ஒப்பந்தத்தில் பட்டியலிலிருந்தே நீக்கியதோடு, வீரர்கள் கஞ்சா நிறுவனங்களில் நிர்வாகப் பொறுப்பின்றி முதலீடு செய்யவும் வழிவிட்டது. புகைப்பது எப்படியோ போகட்டும், பங்குகூட வாங்கலாம்!

இவை நடந்த காலமெல்லாம் கூட்டரசுச் சட்டத்தில் கஞ்சா, ஹெராயினோடு சேர்ந்து முதல் அட்டவணையிலேயே இருந்தது. சட்டம் மாறும்வரை லீக்குகள் காத்திருக்கவில்லை. தனியாக ஓடும் ஒரு தடகள வீராங்கனைக்கு வாடாவின் எதிரில் உட்கார்ந்து பேரம் பேச அப்படியொரு சங்கம் கிடையாது. நீங்கள் முதலில் கேட்ட முரணுக்கு எனக்குத் தெரிந்த நேரடியான விடை இதுவே.

தடகளப் பிரியன்:

அனைவருக்கும் நன்றி. சட்டபூர்வமாக்கினால் தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தைக் கைவிடுகிறேன், ஈ.பி.ஓ. எடுத்துக்காட்டுக்குப் பிறகு அதைப் பிடித்துக்கொண்டிருக்க இடமில்லை. சங்கத்துக்காரர் சொன்ன கோணம் எனக்குத் தோன்றாதது.

ஆயினும் ஒன்று மிஞ்சுகிறது. ஷகாரியின் தடை ஜூன் 28-இல் தொடங்கியது. டோக்கியோவில் 4x100 தொடரோட்டம் ஆகஸ்ட்டில். அதற்குள் தடை முடிந்துவிட்டது. அந்த அணிக்கு அவரைச் சேர்ப்பதும் விடுவதும் அமெரிக்கத் தடகளச் சங்கத்தின் கையில் இருந்தது, அவர்கள் விட்டுவிட்டார்கள். அதற்கும் வாடாவைக் காரணம் காட்ட முடியுமா?

விதிப்புத்தகம்:

முடியாது. தேர்வுப் போட்டியில் முறையாக இடம்பிடித்த மற்ற வீராங்கனைகளுக்கு நியாயமாக இருக்க வேண்டும் என்பதே சங்கம் சொன்ன காரணம். அவர்களில் ஒருவரின் இடத்தைப் பறித்து ஷகாரிக்குக் கொடுத்திருந்தால், இங்கே இன்னொருவர் அந்தப் பெண்ணுக்காக இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார். டோக்கியோவில் அமெரிக்கா அந்தப் போட்டியில் ஜமைக்காவுக்குப் பின்னால் வெள்ளி வென்றது. 2024 பாரிஸில் கடைசிச் சுற்றின் கோலை ஷகாரி ஏந்தி ஓட, தங்கம் கிடைத்தது.