டைப்ரைட்டருக்குத் தங்கூசி கட்டிய கதை

அப்பா ராமநாதபுரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து மனு அடித்துக் கொடுத்த கோத்ரேஜ் தமிழ் டைப்ரைட்டர், அவர் போனபிறகு பாம்பனில் எங்கள் வீட்டுப் பரணில் பத்து வருஷம் கிடந்தது. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே தாங்காத ஊர், இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். இறக்கித் தட்டிப் பார்த்தால் பாதி எழுத்து மேலே போய் அப்படியே நிற்கிறது.

நான் செய்த முதல் முட்டாள்தனம், எழுத்துக் கம்பிகள் நுழையும் சந்துகளில் தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டது. இரண்டு நாள் அருமையாக ஓடியது. அப்புறம் பழைய மை, தூசி, மணல் எல்லாம் எண்ணெயோடு சேர்ந்து பிசினாகிவிட்டது. அந்த இடத்துக்கு எண்ணெயே ஆகாது. பழைய டூத் பிரஷ்ஷைப் பெட்ரோலில் நனைத்துத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்க்க வேண்டும் (வாசலில் வைத்துச் செய்யுங்கள், அடுப்படிப் பக்கம் போகாதீர்கள்). மூன்று சாயங்காலம் ஆனது.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு வரி அடிக்கிறேன், விர்ர் என்று ஒரு சத்தம். கேரியேஜை, அதாவது தாளோடு நகரும் மேல்பகுதியை, இடப்பக்கம் இழுக்கும் பட்டை அறுந்து, பின்னால் டப்பாவுக்குள் இருக்கிற சுருள் ஸ்பிரிங் முழுக்கப் பிரிந்துவிட்டது. தயாரிப்பையே 2009இல் நிறுத்திவிட்டார்கள், பட்டைக்கு எங்கே போவது? வீட்டில் கிடந்த தங்கூசியை (தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு) கட்டினேன். அரைப் பக்கம் ஓடியது, அப்புறம் வரிக் கடைசியில் எழுத்தின்மேல் எழுத்தாக விழ ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டு மாமா வலை கட்டுகிறவர். "தங்கூசி இழுத்தா நீளும் மருமகனே, மீனுக்குச் சரி, இதுக்கு முறுக்கு நூல்தான்" என்று சொல்லி வலைநூலில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். முடிச்சும் அவர் போட்டதுதான், இன்றுவரை அவிழவில்லை.

டப்பாவை நாலைந்து சுற்றுச் சுற்றி, ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையால் நூலைக் கொக்கியில் மாட்ட வேண்டும். விட்டால் விரல் காலி.

முதலில் 'பாம்பன்' என்று அடித்தேன். தமிழ் மெஷினில் புள்ளியைத் தட்டினால் கேரியேஜ் நகராது, அடுத்துத் தட்டும் எழுத்து அதன் கீழே வந்து விழும். 'ம்' சரியாக வந்தது, 'ன்' மட்டும் புள்ளியை விட்டுத் தள்ளி நின்றது. இழுவை அதிகமாகி ஓர் எழுத்து இடம் தாவியிருக்கிறது. ஒரு சுற்றுத் தளர்த்தினேன், தாவுவது நின்றுவிட்டது. ரோலர் ரப்பர் இன்னும் கல்லாகத்தான் இருக்கிறது, இப்போதைக்கு இரண்டு தாளாகச் சொருகி அடிக்கிறேன்.