சமையலறை பின்பக்கம் இறங்குகிறது, டைல் மாற்றினால் போதுமா?

செந்தூல்வாசி:
வணக்கம். எங்களுடையது கோலாலம்பூரில் ஒரு மாடி தெரஸ் வீடு (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு). பின்பக்கச் சமையலறை, முன்பிருந்த உரிமையாளர் நீட்டிக் கட்டியது. இப்போது அந்தப் பகுதி மட்டும் பின்சந்துப் பக்கமாகச் சாய்கிறது. பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் நீளமாக விரிசல். மேலே இரண்டு ஐம்பது காசை அடுக்கி நுழைக்கலாம், கீழே மயிரிழைதான். பின்கதவு தாழ்ப்பாளும் விழுவதில்லை. வந்து பார்த்த கட்டுமானக் குத்தகையாளர், சிமெண்டு பூசி மட்டமாக்கிப் புது டைல் ஒட்டலாம் என்கிறார். அம்மா பகலெல்லாம் அங்கேதான் இருக்கிறார், பயமாக இருக்கிறது.

கட்டடக்காரன்:
டைல் வேண்டாம் அக்கா. இறங்குகிற இடத்தில் இன்னும் பாரம் ஏற்றுகிற வேலை அது. தெரஸ் வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். மூல வீடு பைல்மேல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்கள்மேல்) நிற்கும். நீட்டிய பகுதிக்குப் பலர் பைல் அடிப்பதில்லை, மேலாக மண்ணை வெட்டி அடித்தளம் போட்டுவிடுவார்கள். பழையது அப்படியே நிற்க, புதியது தனியாகப் பின்னால் சாயும். விரிசல் மேலே அகலமாக இருப்பது அதனால்தான்.

முதலில் அளந்து பாருங்கள். தரையை நம்ப வேண்டாம், தண்ணீர் வடியவென்று கட்டும்போதே சிறு சரிவு வைத்திருப்பார்கள். சுவர் டைலின் கோடுதான் நம்பகமானது. உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் குழாயில் குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, ஒரு முனையைப் பழைய வீட்டோரமும் மறுமுனையைப் பின்சுவரிலும் பிடியுங்கள். இரண்டு பக்கமும் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். அங்கிருந்து ஒரே வரிசை டைலுக்கு எவ்வளவு இறக்கம் என்று டேப்பில் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே சாய்வு.

அப்புறம், இன்னும் இறங்குகிறதா என்று தெரிய வேண்டும். விரிசலின் இருபுறமும் ஓர் ஆணி அடித்து, இடைவெளியைத் தேதியோடு எழுதி வையுங்கள். அக்டோபர், நவம்பர் மழையையும் சேர்த்துப் பார்த்தால் நல்லது.

கெப்போங் பிளம்பர்:
தண்ணீரையும் பாருங்கள். இரவில் எல்லாக் குழாயையும் மூடி மீட்டரைக் குறித்து வையுங்கள், காலையில் எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. சிங்க்கில் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றி, லோங்காங்கில் (வெளிச் சாக்கடையில்) முழுசாக வருகிறதா என்று கவனியுங்கள். தரைக்கடியில் குழாய் உடைந்திருந்தால் மண்ணை அரித்துக்கொண்டே இருக்கும்.

செந்தூல்வாசி:
நன்றி அண்ணே. மீட்டர் நகரவில்லை. ஆனால் சாயத் தண்ணீர் கொஞ்சம்தான் வெளியே வந்தது. டைல் கோடு 3.6 மீட்டரில் 38 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது.

கட்டடக்காரன்:
அப்படியானால் ஏறக்குறைய 95-இல் 1 பங்கு. அடித்தளம் சீரில்லாமல் இறங்கும்போது 300-இல் 1 பங்கிலேயே சுவர் விரிசல் விடத் தொடங்கும், 150-இல் 1 பங்கைத் தாண்டினால் கட்டமைப்பே சேதமாகலாம் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் பொதுவான அளவு. உங்களுடையது அதையும் மிஞ்சுகிறது, இனி ஊகம் வேண்டாம். மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிந்த கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். அதுவரை அம்மாவை முன்கூடத்தில் இருக்கச் சொல்லுங்கள். உத்தரத்திலோ தூணிலோ புது விரிசல் கண்டால் அந்தப் பகுதிக்குள் யாரும் போகக் கூடாது.

சாயத் தண்ணீர் முழுசாக வராததால் தரைக்கடியில் கழிவுநீர்க் குழாய் உடைந்திருக்கலாம். அதை முதலில் சரிசெய்யுங்கள், அது செய்யாமல் எந்த வைத்தியமும் நிற்காது. மண்ணைச் சோதிக்க மேக்கிண்டாஷ் புரோப் (கம்பியை அடித்து இறக்கி மண்ணின் உறுதியைப் பார்க்கும் கருவி) போதுமா, ஆழத் துளையிட வேண்டுமா என்பதைப் பொறியாளர் சொல்லட்டும். கோலாலம்பூரில் பல இடங்களில் அடியில் சுண்ணாம்புப் பாறை, அதன் ஆழம் சில அடி தள்ளிப் போனாலே மாறும், குழியும் இருக்கும். பழைய ஈயச் சுரங்க நிலமாக இருந்தால் இளக்கமான மண்ணும் உண்டு.

ரசாயன நுரை செலுத்தித் தரையைத் தூக்கலாம் என்று சிலர் வருவார்கள். தரைக்கடியில் வெற்றிடம் மட்டும்தான் என்றால் அது உதவும். ஆழத்து மண்ணே இளகியிருந்தால் மைக்ரோ பைல் (மெல்லிய பைல்) போட்டுத் தாங்க வேண்டும். சின்னச் சமையலறைக்கு இடித்துப் பைலோடு கட்டுவது சில சமயம் மலிவு, இரண்டுக்கும் விலை கேளுங்கள். மாநகர் மன்ற அனுமதி வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

செந்தூல்வாசி:
இடித்துக் கட்டினால் பழைய சுவரோடு கம்பி விட்டு இணைக்கலாமா?

கட்டடக்காரன்:
வேண்டாம் அக்கா. இரண்டும் ஒரே அளவில் இறங்காது. நடுவே இடைவெளி விட்டு, நெகிழ்கிற சீலண்ட் வைத்து மூடச் சொல்லுங்கள், கூரையோரமும் சேர்த்து.