துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்த இசை சொந்தப் படைப்பு ஆகாதா?

உவர்மலைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். நான் செய்த இசைத்துண்டு ஒன்றை இங்கே ஏற்றியிருக்கிறேன். நேரம் இருந்தால் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். அதில் நான் வாசித்தது எதுவும் இல்லை. அம்மம்மா ரேடியோவில் இருந்து கசெட்டில் பிடித்து வைத்திருந்த பழைய பாட்டின் வயலின், திருகோணமலை பத்திரகாளி அம்பாள் கோயில் திருவிழாவில் போனில் பதிந்த தவில், தம்பலகாமத்தில் பார்த்த கூத்தில் அதைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் சொன்ன தாளக்கட்டு, விடியப்புறம் டச்சுக்குடாவில் புறப்பட்ட வள்ளத்தின் எஞ்சின். எல்லாவற்றையும் வெட்டி, வேகம் மாற்றி, சுருதி சேர்த்து ஒன்றாக்கினேன்.

இதை ஓர் இசைப் போட்டிக்கு அனுப்பினேன். ‘போட்டியாளரின் சொந்த ஆக்கம் அல்ல’ என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள். கீபோர்டில் ஆயத்தமாக வரும் தாளத்தை அழுத்திவிட்டுப் பாடியவர்களிடம் அந்தத் தாளம் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு ஆறுதல் வேண்டாம். இது படைப்பா இல்லையா, ஏன் என்று சொல்லுங்கள்.

தவில்காரர் மகன்:
கேட்டேன் தங்கச்சி, நல்லா வந்திருக்கு. ஆனால் நான் மற்றப் பக்கத்தில் இருந்து கேட்கிறவன். அப்பா சின்ன வயதில் இருந்து தவில் வாசிக்கிறார். நீங்கள் எடுத்த அந்த இரண்டு ஆவர்த்தனத்துக்கு, அந்த இரண்டு தாளச் சுற்றுக்கு, பின்னால் ஒரு மனிசனுடைய முழுச் சாதகமும் இருக்கு. அவர் பெயரை நீங்கள் எங்கேயும் போடவில்லை.

1969இல் ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்ற அமெரிக்கக் குழு ‘ஆமென், பிரதர்’ என்று ஒரு வாத்தியப் பாட்டைப் பதிந்தது. நடுவில் சில விநாடி டிரம்ஸ் மட்டும் வரும். அந்தத் துண்டை ஆயிரக்கணக்கான பாட்டுகளில் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். ஜங்கிள் என்ற வேகமான எலக்ட்ரானிக் நடன இசையின் முதுகெலும்பே அதுதான். அதை வாசித்த கிரெகரி கோல்மன் 2006இல் இறந்தபோது அந்தத் துண்டுக்காக அவருக்கு ஒரு சதமும் வந்திருக்கவில்லை. படைப்பு என்று சொல்லுங்கள், நான் மறுக்கவில்லை. ‘என்’ படைப்பு என்று மட்டும் சொல்வதுதான் குத்துகிறது.

உப்புவெளி ஒலிப்பதிவு:
தங்கச்சி, நான் ஒலிப்பதிவு வேலை செய்கிறவன். உங்கள் துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

படைப்பா என்பது ஒரு கேள்வி, யாருடைய சொத்து என்பது இன்னொரு கேள்வி. போட்டிக்காரர் இரண்டையும் குழப்பிவிட்டார்கள். 2004இல் டேஞ்சர் மவுஸ் என்பவர் ராப் பாடகர் ஜே-சியின் ‘பிளாக் ஆல்பம்’ குரலையும் பீட்டில்ஸின் ‘வைட் ஆல்பம்’ இசையையும் கலந்து ‘கிரே ஆல்பம்’ செய்தார். பீட்டில்ஸ் ஒலிப்பதிவுகளின் உரிமையை வைத்திருந்த இஎம்ஐ நிறுவனம் அதைப் பரப்பக் கூடாது என்று தடுத்தது. அது சொத்துத் தகராறு. அந்தக் கிட்டாரையும் டிரம்ஸையும் பொடிப்பொடியாக நறுக்கி வேறு தாளம் கட்டிய வேலை யாருடையது என்று கேட்டால் அவருடையதுதான். டிஜே ஷேடோ 1996இல் வெளியிட்ட முதல் ஆல்பம் அநேகமாக முழுக்கவே பழைய இசைத்தட்டுத் துண்டுகளால் ஆனது. பாடகி எம்.ஐ.ஏ. 2007இல் வெளியிட்ட ‘கலா’ ஆல்பத்தின் முதல் பாட்டில் ‘தளபதி’ படத்து இளையராஜா பாட்டின் துண்டு ஓடுகிறது. நமக்கு அது உடனே பிடிபடும், ஆனால் படத்தில் கேட்ட உணர்வு அங்கே வராது.

இனி உங்கள் துண்டு. நமது இசையை வைத்து இந்த வேலை செய்வது லேசானது இல்லை. மோகன ராகம் மேற்கத்திய மேஜர் கோர்டுகளின் (சேர்த்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளின்) மேல் பேசாமல் உட்கார்ந்துவிடும். மாயாமாளவகௌளை ராகத்தை அதே கோர்டுகளின் மேல் வைத்தால் அதன் தாழ்ந்த ரி, த சுரங்களான சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் போய் இடிக்கும். தாளமும் அப்படித்தான். உங்கள் எஞ்சின் நாலு நாலாக அடிக்கிறது. தவில் மிஸ்ர சாப்புத் தாளம், ஏழு ஏழாகப் போகிறது. ஓடவிட்டால் 28 எண்ணிக்கைக்கு ஒருமுறைதான் இரண்டும் ஒன்றாகத் தொடங்கும். சரியாக அந்த இடத்தில் அண்ணாவியாரின் குரலை வைத்திருக்கிறீர்கள். தவில் வாசித்தவருக்கு அந்த எஞ்சின் தெரியாது, வள்ளக்காரருக்கு அண்ணாவியாரைத் தெரியாது. அந்தச் சந்திப்பு உங்கள் காதில் இருந்து வந்தது. வேறு யாரையும் அதற்குச் சொந்தக்காரர் என்று காட்ட முடியாது. இதைச் சொந்த ஆக்கம் இல்லை என்பவர் கேட்கவே இல்லை என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் வயலின் அப்படி இல்லை. அது இன்னும் அந்தப் பழைய பாட்டாகவேதான் கேட்கிறது. அது வந்ததும் என் மனம் அந்தப் படத்துக்குப் போய்விடுகிறது, அங்கே நீங்கள் இல்லை. ஒன்றில் இன்னும் நறுக்குங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லவேண்டும். நம் இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. இசையமைத்தவருக்கு வாழ்நாளும் அதன் பின் 70 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. பாடினவர், வாசித்தவர், ஒலிப்பதிவைத் தயாரித்தவர் எல்லோருக்கும் தனித்தனி உரிமையும் உண்டு. கசெட் அம்மம்மாவுடையது என்பதால் பாட்டு உங்களுடையது ஆகிவிடாது.

பழைய தமிழாசிரியர்:
மகள், நீங்கள் எல்லோரும் வெளிநாட்டு உதாரணங்களாகச் சொல்கிறீர்கள். நன்னூலை எடுத்துப் பாருங்கள். நூலை முதல், வழி, சார்பு என்று மூன்றாக வகுத்திருக்கிறது. வழிநூலுக்கு இலக்கணம், முன்னோர் நூலோடு முடிவில் ஒத்துப்போய், பின்னால் வந்தவன் தான் வேண்டும் வேறுபாட்டையும் சொல்வது. பவணந்தி முனிவர் பழைய சூத்திரங்களை அப்படியே தம் நூலுக்குள் எடுத்து வைத்தார். ‘முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்’ என்று அதற்குக் காரணமும் சொன்னார். பொருளை மட்டும் எடுத்துச் சொல்லை மாற்றியிருக்கலாம். அவர் சொல்லையே எடுத்தார், எடுத்ததை மறைக்கவும் இல்லை. நன்னூல் பவணந்தியாருடையது என்பதில் இத்தனை நூற்றாண்டாக யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. நானும் மாணவர்களுக்கு அப்படித்தான் படிப்பித்தேன். உங்கள் ஆக்கத்துக்கும் அதே அளவுகோலை வைக்கிறேன். வேறுபாடு இருக்கிறது. போற்றுவதுதான் இன்னும் குறைகிறது, தவில்காரர் மகன் கேட்டது நியாயம்.

உவர்மலைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. 28ஆவது எண்ணிக்கையைக் கண்டுபிடித்த அண்ணாவுக்குத் தனியாக. அதை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் இருந்தேன்.

வயலினை எடுக்கமாட்டேன். அதற்குப் பின்னால் ரேடியோ இரைச்சலும் அம்மம்மா யாரையோ கூப்பிடும் குரலும் இருக்கு. அந்த இரைச்சலுக்காகத்தான் அதை எடுத்தேன். ஆனால் பாட்டாகவே கேட்கிறது என்று நீங்கள் சொன்னது சரி. சுரத்தைக் குறைத்து இரைச்சலை முன்னுக்குக் கொண்டுவந்து பார்க்கிறேன். அப்புறம், கூத்தின் அண்ணாவியாரை எனக்குத் தெரியும், நேரே போய்க் கேட்பேன். தவில் வாசித்தவரைத்தான் எப்படித் தேடுவது என்று தெரியவில்லை. கூட்டத்துக்குள் நின்று பதிந்தது, முகம் கூட நினைவில்லை.

தவில்காரர் மகன்:
கோயிலில் கேளுங்கள். எந்தத் திருவிழாவுக்கு எந்த மேளக் குழு வந்தது என்று அங்கே தெரிந்திருக்கும். எந்த நாள், சுவாமி எந்த வீதியில் நின்றது என்று சொன்னால் குழுவுக்குள்ளேயே ஆளைச் சொல்லிவிடுவார்கள். அந்தத் துண்டை எனக்குத் தனியாக அனுப்புங்கள், அப்பாவுக்குப் போட்டுக் காட்டுகிறேன். கையைக் கேட்டே ஆளைச் சொல்லுவார். அந்தத் தவில் வாசித்தவரைச் சந்திக்கும்போது தவிலை மட்டும் போட்டுக் காட்டாதீர்கள். எஞ்சினோடு சேர்த்து முழுவதையும் கேட்கவிட்டு, அதற்குப் பிறகு அனுமதி கேளுங்கள். காசு எவ்வளவு என்றும் அவரிடமே கேளுங்கள்.