‘ஹோலோடைப்’: மூலப் பெயர்தாங்கி எனலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

மலைக்காட்டில் புதிதாகக் கண்டறியப்பட்ட ஓர் அந்துப்பூச்சியின் விவரிப்பைத் தமிழில் எழுதும்போது, இறக்கைக் கோலத்துக்கும் உணர்கொம்பின் வடிவத்துக்கும் சொற்கள் எளிதில் கிடைக்கின்றன. ‘ஹோலோடைப்’ (holotype) என்ற இடத்தில்தான் தடை ஏற்படுகிறது. புதிய இனத்துக்குப் பெயரிடும்போது அப்பெயருக்கு ஆதாரமாகச் சுட்டப்படும் ஒற்றை மாதிரியே, அதாவது பாதுகாத்து வைக்கப்படும் ஒரு பூச்சியே, ஹோலோடைப். இதற்குத் தமிழ்ச்சொல்லாக முன்மொழியப்பட்ட ‘முழுவகை’, ‘மாதிரி வடிவம்’ ஆகிய இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. ‘வகை’ என்றால் பூச்சியின் ஒரு பிரிவு என்றே படிப்பவர் கொள்வார். ‘மாதிரி வடிவம்’ அதைவிடத் தவறாக வழிநடத்தும். ஏனெனில் ஹோலோடைப் தன் இனத்தின் பொதுத்தோற்றத்தைக் காட்டியாக வேண்டியதில்லை, செதில் உதிர்ந்து இறக்கை கிழிந்த பூச்சியும் ஹோலோடைப் ஆகலாம்.

அதன் பணி பெயரைத் தாங்குவது ஒன்றே. விளக்கின் முன் கட்டிய வெள்ளைத் துணியில் வந்தமரும் பூச்சிகளுள் இறக்கையைக் கொண்டு பிரித்தறிய முடியாதவற்றை, வயிற்றுப் பகுதியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் ஒப்பிட்டுப் பிரிக்கிறார்கள். ஒன்றை ஹோலோடைப் என்றும் அதனுடன் சேர்த்து விவரிக்கப்படும் வேறு சிலவற்றைப் பாராடைப் (paratype) என்றும் குறித்து வெளியிட்ட பின்னர், அப்பாராடைப்புகளில் இரண்டு வேறோர் இனத்தைச் சேர்ந்தவை என்று தெரியவந்தால், அவை விலகிப்போகும். பெயரோ ஹோலோடைப்புடனேயே நிற்கும். பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் நெறிமுறையும் ஹோலோடைப்பைப் பெயர் தாங்குவதாகவே வரையறுக்கிறது. 1999-க்குப் பின் வெளியாகும் புதிய இனப்பெயருக்கு அத்தகைய மாதிரி வெளிப்படையாகச் சுட்டப்படவில்லையெனில் அப்பெயர் ஏற்கப்படாது.

ஆகவே ‘பெயர்தாங்கி’ என்பதை அடிச்சொல்லாகக் கொள்ளலாம். சுமைதாங்கி, இடிதாங்கி என்று பழகிய நாவுக்கு இது அயலாக இராது. ஹோலோடைப் ‘மூலப் பெயர்தாங்கி’ ஆகட்டும். பாராடைப் பெயரைத் தாங்காததால் அதற்கு இந்த அடிச்சொல்லே கூடாது, ‘துணைமாதிரி’ போதும். ‘முழுவகை, துணைவகை’ என்ற இணை இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது என்பதே என் முதன்மையான மறுப்பு.

பழைய நூல்களைத் தமிழில் விளக்கும்போதும் இது உதவும். தேயிலை பயிரிட நீலகிரிக்கு வந்த ஜார்ஜ் ஹாம்ப்ஸன், அம்மலையின் அந்துப்பூச்சிகளைப் பற்றிய நூலை 1891-இல் வெளியிட்டார். அக்காலத்தில் ஒற்றை மாதிரியைச் சுட்டும் கட்டாயம் இருக்கவில்லை. அவ்வாறு பல மாதிரிகள் சேர்ந்து ஒரு பெயரைத் தாங்கினால் ‘கூட்டுப் பெயர்தாங்கிகள்’ எனலாம். பின்னர் ஒருவர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தால் அது ‘தெரிவுப் பெயர்தாங்கி’. எல்லாமே அழிந்துபோய்ப் புதிதாக ஒன்றை நிறுவினால் ‘மாற்றுப் பெயர்தாங்கி’.

‘பெயர்தாங்கி’ என்பதற்குப் பெயரளவில் மட்டும் இருப்பவர் என்ற வசைப்பொருளும் சமய எழுத்துகளில் உண்டு என்பதை அறிவேன். அருங்காட்சியகச் சீட்டிலும் ஆய்வுக் கட்டுரையிலும் அந்தக் குழப்பம் நேராது என்று கருதுகிறேன். பொதுவாசகருக்கான கட்டுரையில் முதன்முறை ‘பெயர்தாங்கு மாதிரி’ என்று விரித்து எழுதலாம். மாற்றுச்சொல் முன்வைப்போர், பாராடைப்புக்கும் அதனோடு பொருந்தும் சொல்லைச் சேர்த்தே தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.