டிராஃபிக்கில் நின்றால் மட்டும் இன்ஜின் சூடாகிறது, எதைப் பார்க்கலாம்?

கேள்வி:
வணக்கம். பெட்ரோல் கார். சாலையில் ஓடும்போது டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது, டிராஃபிக்கில் மாட்டினால் மெல்ல ஏறி சிவப்புக் கோடு வரை போய்விடுகிறது. வண்டி நகர்ந்தால் இறங்குகிறது. கூலண்ட் குறையவில்லை, ஒழுகலும் இல்லை. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? முள் ஏறும்போது உடனே என்ன செய்வது?

பதில் 1:
இரண்டாவது கேள்விதான் அவசரம். ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே புழுங்கும், ஆனால் ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டில் கொஞ்சம் அது வழியாக வெளியேறும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள், இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினால் ஹெட் (இன்ஜினின் மேல்பாகம்) வளைந்து செலவு எங்கேயோ போய்விடும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது, திறந்தால் அந்த நொடியே பொங்கி முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறட்டும்.

பதில் 2:
தெர்மோஸ்டாட் என்பது கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு, அது மூடியபடி சிக்கியிருந்தால் ஓடும்போதும் சூடு ஏறியிருக்குமே நண்பரே. ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டரில் மோதும், நின்றால் ஃபேன்தான் இழுக்க வேண்டும், அதனால் என் சந்தேகமெல்லாம் ஃபேன் மேல்தான். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஏசி போடுங்கள், பெரும்பாலான கார்களில் கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்றும். சுற்றினால் மோட்டார் சரி, சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். சுற்றவில்லையா, முதலில் ஃபியூஸ், அப்புறம் ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடும் சின்ன ஸ்விட்ச்), கடைசியாகத்தான் மோட்டார். பக்கத்தில் அதே எண் போட்ட ரிலே இருந்தால் வண்டியை அணைத்துவிட்டு இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஃபேன் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோகாதீர்கள், சில வண்டிகளில் இன்ஜின் அணைந்த பிறகும் அது திடீரென்று சுற்றும்.

கேள்வி கேட்டவர்:
ஏசி போட்டும் ஃபேன் அசையவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஹாரன் ரிலேயும் அதே எண்தான், மாற்றிப் போட்டதும் சுற்ற ஆரம்பித்துவிட்டது! ரொம்ப நன்றி. புது ரிலே போட்டால் போதுமா?

பதில் 2:
கழற்றிய ரிலேயின் கால்களைப் பாருங்கள். ஏதாவது ஒன்று கருகியிருந்தால் சாக்கெட்டில் பிடிப்பு தளர்ந்திருக்கலாம், இல்லையென்றால் மோட்டார் இறுகிப்போய் அதிகக் கரண்ட் இழுக்கிறது. அதைச் சரி செய்யாமல் விட்டால் புது ரிலேயும் சீக்கிரமே போகும். கால்கள் பளிச்சென்று இருந்தால் ரிலே மட்டும் போதும்.