மாடியில் இன்டர்நெட் வருகிறது, ஆனால் கீழே உள்ள பிரிண்டர் தெரியவில்லை: உதவி தேவை

அச்சுக்கடை:
வணக்கம். சிவகாசியில் சின்னதாக டிசைன், அச்சு வேலை செய்யும் கடை எங்களுடையது. ஆடிப்பெருக்குக்கு காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியாக வேண்டும். அதனால் மாடியிலும் டிசைனர்களை உட்கார வைத்திருக்கிறோம். அங்கே வைஃபை எட்டவில்லை என்று புது ரூட்டர் ஒன்று வாங்கினோம். வயரிங் செய்தவர் கீழே உள்ள ஃபைபர் ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்து, மாடி ரூட்டரின் வான் போர்ட்டில் (வெளி இணைப்பைச் செருகும் துளை) செருகிவிட்டுப் போனார்.

மாடியில் இன்டர்நெட் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் 'ஆட் பிரிண்டர்' கொடுத்துத் தேடினால் கீழே உள்ள கலர் பிரிண்டர் வருவதில்லை. கீழே பில் போடும் கம்ப்யூட்டரிலிருந்து மாடியில் ஷேர் செய்த ஃபோல்டரையும் திறக்க முடியவில்லை. எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றி இறக்குகிறோம். ஃபைல்கள் ஜிபி கணக்கில் இருப்பதால் பிள்ளைகளுக்குப் பாதிப் பொழுது படியேறுவதிலேயே போகிறது. ரூட்டரில் பழுதா? மாற்றிவிடலாமா?

மணிமுத்தாறு:
ரூட்டரை மாற்ற வேண்டாம் அண்ணாச்சி, பழுது மாதிரி தெரியவில்லை. மாடியில் ஒரு கம்ப்யூட்டரிலும் கீழே ஒன்றிலும் கமாண்ட் பிராம்ட் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடியுங்கள். ஐபிவி4 முகவரி, சப்நெட் மாஸ்க், டீஃபால்ட் கேட்வே மூன்றையும் இங்கே போடுங்கள். பிரிண்டரின் முகவரி அதன் திரையிலேயே நெட்வொர்க் பகுதியில் இருக்கும், அதுவும் வேண்டும். 192.168 என்று தொடங்குபவை கடைக்குள் மட்டும் செல்லும் முகவரிகள், பொதுவில் எழுதுவதால் ஆபத்தில்லை.

அச்சுக்கடை:
கீழே: 192.168.1.23, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1
மாடி: 192.168.0.102, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.0.1
பிரிண்டர்: 192.168.1.50

இன்னொன்று. மாடியிலிருந்து பிரிண்டருக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கமாண்ட்) அடித்தால் பதில் வருகிறது. கீழிருந்து 192.168.0.102-க்கு அடித்தால் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்கிறது. ஒரே கேபிள்தானே, ஏன் ஒரு பக்கம் மட்டும் போகிறது?

கேபிள்கட்டு:
எல்லாக் கம்ப்யூட்டரிலும் மாஸ்க்கை 255.255.0.0 என்று மாற்றிப் பாருங்கள். முதல் இரண்டு எண் ஒன்றாகத்தான் இருக்கிறது, எல்லாம் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும்.

மணிமுத்தாறு:
அதை மட்டும் செய்யாதீர்கள், இப்போது போகிற பிங்கும் நின்றுவிடும். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பிரச்சினை முழுக்க இதில்தான் இருக்கிறது.

மாஸ்க்கில் 255 உள்ள இடங்கள் நெட்வொர்க்கைக் குறிக்கும், 0 உள்ள இடம் அதிலுள்ள கருவியைக் குறிக்கும். உங்கள் மாஸ்க்குக்கு முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால்தான் ஒரே நெட்வொர்க். கீழே 192.168.1, மாடியில் 192.168.0. ஆக, கடைக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க் ஓடுகிறது. இரண்டுக்கும் இன்டர்நெட் வருவதால் சேர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

ஒரு கம்ப்யூட்டர் எதை அனுப்பினாலும் முதலில் பார்ப்பது, போக வேண்டிய முகவரி தன் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்றுதான். இருந்தால், 'இந்த முகவரி யாருடையது?' என்று அந்த நெட்வொர்க்கில் எல்லோருக்கும் கேட்கும்படி குரல் கொடுக்கும். இதற்குப் பெயர் ஏஆர்பி. உரியவர் தன் மேக் முகவரியை (கருவிக்கே உரிய எண்) சொன்னதும் நேராக அனுப்பிவிடும். வேறு நெட்வொர்க் என்றால் கேட்வேயிடம், அதாவது வெளியே போக வாசலாக இருக்கும் ரூட்டரிடம், ஒப்படைத்துவிடும்.

மாடியிலிருந்து பிரிண்டருக்குப் போகும் பிங், கேட்வே என்ற முறையில் மாடி ரூட்டரிடம் போகிறது. அந்த ரூட்டரின் வான் போர்ட்டுக்குக் கீழே உள்ள ரூட்டர் 192.168.1 வரிசையில் ஒரு முகவரி கொடுத்திருக்கும். மாடி ரூட்டர் அனுப்புநர் இடத்தில் அந்த முகவரியைப் போட்டு அனுப்புகிறது, இதுதான் நேட். பிரிண்டர், பக்கத்தில் உள்ள யாரோ கேட்பதாக நினைத்துப் பதில் தருகிறது. கீழிருந்து போகும் பிங்கின் கதை வேறு. 192.168.0 எங்கே இருக்கிறது என்று ஃபைபர் ரூட்டருக்குத் தெரியாது. இன்டர்நெட் பக்கம் தள்ளிவிடும், அங்கே இந்த வகை முகவரிக்கு வழியே கிடையாது. தப்பித்தவறி மாடி ரூட்டர் வரை வந்தாலும், வான் பக்கமிருந்து தானாக வருவதை அது உள்ளே விடாது.

பிரிண்டர் தேடலும் எல்லோருக்குமாகக் குரல் கொடுக்கிற முறைதான். அந்தக் குரல் ரூட்டரைத் தாண்டாது. மாஸ்க்கை 255.255.0.0 ஆக்கினால் மாடிக் கம்ப்யூட்டர் பிரிண்டர் தன் நெட்வொர்க்கிலேயே இருப்பதாக நம்பி, கேட்வேயிடம் கொடுக்காமல் ஏஆர்பியில் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

இன்று ராத்திரி வேலை நடக்க வேண்டுமென்றால், தேடாமல் 192.168.1.50 என்று ஐபி முகவரியைக் கையால் கொடுத்து பிரிண்டரைச் சேர்த்துப் பாருங்கள். பிங் போவதால் பிரிண்டும் போக வேண்டும். நிரந்தரத் தீர்வு, மாடி ரூட்டரை வெறும் வைஃபை தரும் ஆக்சஸ் பாயிண்ட்டாக மாற்றுவது.

அச்சுக்கடை:
கையால் முகவரி கொடுத்ததும் பிரிண்ட் வந்துவிட்டது! ரொம்ப நன்றி. ஃபோல்டர்தான் பாக்கி. ஆக்சஸ் பாயிண்ட்டாக எப்படி மாற்றுவது?

மணிமுத்தாறு:
மாடி ரூட்டரின் செட்டிங்ஸில் 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். இல்லாவிட்டால் கையால் செய்யலாம், ஆனால் வரிசை முக்கியம்.

முதலில் வான் போர்ட்டில் இருக்கும் கேபிளைக் கழற்றுங்கள். மாடிக் கம்ப்யூட்டரிலிருந்து 192.168.0.1-க்குள் போய், ரூட்டரின் லேன் (கடைக்குள் இருக்கும் பக்கம்) முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். ரூட்டர் மறுபடி எழுந்ததும் 192.168.1.2-இல் நுழைந்து டிஎச்சிபியை (கம்ப்யூட்டர்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணையுங்கள். அதன் பிறகுதான் அந்தக் கேபிளை லேன் போர்ட் ஒன்றில் செருக வேண்டும். வான் போர்ட் காலியாகவே இருக்கட்டும். கடைசியாக மாடிக் கம்ப்யூட்டர்களை ரீஸ்டார்ட் செய்யுங்கள், கீழே உள்ள ரூட்டரிடமிருந்து புது முகவரி வாங்கிக்கொள்ளும்.

டிஎச்சிபியை அணைக்காமல் கேபிளை லேனுக்கு மாற்றினால், முகவரி கொடுக்க ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பேர் இருப்பார்கள். யார் முந்துகிறாரோ அவர் கொடுத்ததை ஒவ்வொரு கம்ப்யூட்டரும் எடுத்துக்கொள்ளும். காலையில் ஓடியது மதியம் ஓடாது. தேடிக் கண்டுபிடிக்கச் சிரமமான கோளாறு அது.

கேபிள்கட்டு:
மாஸ்க் விஷயத்தில் மணிமுத்தாறு சொல்வதே சரி. ஒன்று சேர்க்கிறேன். ஃபைபர் ரூட்டர் முகவரியின் கடைசி எண்ணாக எந்த எண் முதல் எந்த எண் வரை கொடுக்கிறது என்று பாருங்கள். சில ரூட்டர்களில் 2 முதல் 254 வரை வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் பிரிண்டரின் 50-ஐ ஒருநாள் யாருடைய போனுக்காவது கொடுத்துவிடும், பிரிண்டர் காணாமல் போகும். பிரிண்டரில் 50-ஐக் கையால் நிலையாக வைத்துவிட்டு, 100 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டால் மாடி ரூட்டரின் 2-ம் பிரிண்டரின் 50-ம் பத்திரம்.

அச்சுக்கடை:
செய்துவிட்டோம். மாடியில் இப்போது 192.168.1.104 வருகிறது, ஃபோல்டர் திறக்கிறது, தேடினால் பிரிண்டரும் தெரிகிறது. எண் வரிசையையும் 100 முதல் 200 வரை ஆக்கியாயிற்று. ஆனால் கட்டிங் அறைக் கம்ப்யூட்டரில் மட்டும் 169.254.88.14 என்று இருக்கிறது, இன்டர்நெட்டும் இல்லை.

கேபிள்கட்டு:
169.254 எந்த ரூட்டரும் கொடுத்த எண் இல்லை. முகவரி கேட்டுப் பதில் வராவிட்டால் விண்டோஸ் தானே வைத்துக்கொள்வது. இந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் என்றால் நான் முதலில் கேபிளைத்தான் சந்தேகப்படுவேன். பின்னால் கேபிள் செருகிய இடத்தில் விளக்கு நிலையாக எரிகிறதா? இல்லாவிட்டால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். அதில் நிலையாக எரிந்தால் பழைய கேபிளின் முனையை வெட்டி, புது ஆர்ஜே45 (செருகும் முனை) வைத்து கிரிம்ப் செய்யுங்கள், அதாவது அழுத்திப் பொருத்துங்கள்.

அச்சுக்கடை:
விளக்கு விட்டுவிட்டுத்தான் எரிகிறது. வேறு கேபிளில் உடனே 192.168.1.107 வந்துவிட்டது. இருவருக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. வீட்டிலிருந்து கடை ஃபைல்களைத் திறக்க முடியுமா? ஃபைபர் ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும் செட்டிங்) போட்டும் வரவில்லை. அதில் வான் முகவரி 100.81 என்று தொடங்குகிறது.

மணிமுத்தாறு:
வராது. 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையை 2012-இல் இணைய நிறுவனங்களின் உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கினார்கள். ஐபிவி4 என்பது 32 பிட், மொத்தம் சுமார் 430 கோடி முகவரிதான். உலக அளவிலான பொது இருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கிறார்கள். உங்கள் மாடிக்கு நடந்ததுதான் கடை முழுவதற்கும் நடக்கிறது: உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து தானாக உள்ளே வர முடியாது. நீங்கள் ஃபார்வர்டிங் போட்டது உங்கள் ரூட்டரில், மேலே இருக்கும் அவர்கள் ரூட்டர் நம் கையில் இல்லை.

இரண்டு வழி உண்டு. இணைப்பு கொடுத்தவரிடம் ஸ்டாட்டிக் (மாறாத) பொது ஐபி கேட்கலாம், தனிக் கட்டணம் வரும். அல்லது டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன்னை (இன்டர்நெட் வழியே தனிப் பாதை போடும் மென்பொருள்) கடைக் கம்ப்யூட்டரிலும் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போடலாம். இரண்டு பக்கமும் உள்ளிருந்தே இணைப்பைத் தொடங்குவதால் இந்தத் தடை பாதிக்காது. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பொது ஐபி வாங்கினாலும் ஃபைல் ஷேரிங்கின் 445 போர்ட்டை மட்டும் வெளியே திறக்காதீர்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஆட்கள் தேடி வரும் கதவு அது, ஆல்பம் ஃபைல்கள் மொத்தமும் பூட்டப்பட்டுவிடும். முன்பு போட்ட ஃபார்வர்டிங்கை இப்போதே எடுத்துவிடுங்கள்.